குடுக்கும் வண்டி... குடிக்கும் வண்டி!

புது கார் வாங்கி, மாலை போட்டு, நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கி, தெருவுக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள். மதுரையில் உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி எது தெரியுமா? கலர் பற்றி இல்லை. விலை பற்றிக்கூட இல்லை. எதிர்வீட்டுப் பெரியவர் எழுந்து வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, டயரை லேசாகத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்பார்:

“எம்புட்டுப்பா குடுக்குது?”

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அர்த்தம். வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். ‘பத்து லட்சம் போட்டு வாங்கினவன்கிட்ட போய் பெட்ரோல் கணக்கா?’ என்பார்கள்.

சிரிக்காதீர்கள். அந்தக் கேள்விக்கு வயது அதிகம். அதற்குப் பின்னால் ஓர் உலகப்போர் இருக்கிறது. அடுப்புக்கரியில் ஓடிய பஸ் இருக்கிறது. வண்டலூரில் மூடிப்போன ஒரு கார் தொழிற்சாலை இருக்கிறது. விருதுநகர், திண்டுக்கல், மேலூர், சிவகங்கை என்று தினமும் போய்வர ஒரு வண்டி தேடுகிறவர்கள், இந்தக் கதையைக் கேட்டுவிட்டு ஷோரூமுக்குக் கிளம்புவது நல்லது. ஏனென்றால் பெரியவரின் கேள்வி பாதி சரி. மீதிப் பாதியையும் இந்த ஊரே கண்டுபிடித்து வைத்திருக்கிறது.

கதை 1912-ல் தொடங்குகிறது.

திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார், வக்கீல் தொழில் பார்த்தார். ரயில்வேயில் வேலை பார்த்தார். பாங்க்கிலும் இருந்து பார்த்தார். எதிலும் நிற்கவில்லை. 1911-ல் சொந்தமாகக் கம்பெனி ஆரம்பித்தார். அடுத்த வருடமே மதுரையில் பஸ் சர்வீஸ்! பின்னாளில் ‘டி.வி.எஸ்.’ என்ற மூன்று எழுத்தாக ஊர் முழுக்கப் பரவிய சமாசாரத்தின் முதல் அத்தியாயம் அதுதான்.

அன்றைக்கு பஸ் விடுவது என்பது இன்றைக்கு விமானக் கம்பெனி நடத்துவதைவிடக் கஷ்டம். சேஸிஸ் கப்பலில் வர வேண்டும். ஒரு பல்சக்கரம் தேய்ந்துபோனால், அதற்கும் கப்பல்தான். சாலைகள் மாட்டு வண்டிக்காகப் போட்டவை. கோடையில் புழுதி, மழைக்காலத்தில் சேறு. போதாக்குறைக்கு, மாடுகளின் லாட ஆணிகள் வழியெல்லாம் சிதறிக்கிடக்கும். டயருக்கு அதைவிட எமன் வேறு கிடையாது.

இதற்கு டி.வி.எஸ். செய்த வைத்தியத்தை மதுரைப் பக்கம் இன்றைக்கும் கதையாகச் சொல்வார்கள். வண்டியில் காந்தத்தைக் கட்டி ரோட்டில் ஓட்டி, ஆணிகளைப் பொறுக்கி எடுத்த பிறகுதான் பஸ்ஸை விட்டார்களாம். இன்னொரு கதையும் உண்டு. டி.வி.எஸ். பஸ் கடந்துபோனால் கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொள்வார்களாம். கதைகளில் கொஞ்சம் உப்பு, காரம் கூடியிருக்கலாம். ஆனால், ஒரு கம்பெனியைப் பற்றி எந்த மாதிரிக் கதை கிளம்புகிறது என்பதைக் கவனியுங்கள். ‘பஸ் வேகமாகப் போகும்’ என்று யாரும் கதை கட்டவில்லை. ‘சொகுசாக இருக்கும்’ என்றும் கட்டவில்லை. ‘சொன்ன நேரத்துக்கு வரும்’ என்றுதான் கட்டினார்கள்.

நேரத்துக்கு வருவது இன்ஜினின் குணம் இல்லை. அதைப் பார்த்துக்கொள்கிறவனின் குணம். அதே சேஸிஸ், அதே இன்ஜின் எல்லா முதலாளிக்கும்தான் கிடைத்தது. பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு ஒர்க்‌ஷாப், அலமாரி நிறைய உதிரி பாகங்கள், தேய்ந்த டயருக்கு மறுபடி ரப்பர் ஏற்ற ஒரு தொழிற்சாலை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்ததில்தான் டி.வி.எஸ். வேறுபட்டது. சதர்ன் ரோட்வேஸ், சுந்தரம் மோட்டார்ஸ், மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் என்று அந்தக் குடும்பத்தில் கம்பெனிகள் பெருகியதற்கு அடிப்படைத் தத்துவம் ஒன்றுதான். வண்டி ஒருநாள் நிற்கும். நின்றால் உடனே கிளப்ப ஆள் வேண்டும்.

இந்தத் தத்துவத்துக்குப் பெரிய பரீட்சை வந்தது, இரண்டாம் உலகப் போரில்.

பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தான். அதற்கு முன்பாகவே, ஜப்பானியர் கையில் சிக்கக் கூடாது என்று யெனாஞ்சாங் எண்ணெய்க் கிணறுகளை பிரிட்டிஷார் தாங்களே நாசம் செய்துவிட்டார்கள். அங்கிருந்து இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த எண்ணெய்க்கு முற்றுப்புள்ளி. கிடைத்த பெட்ரோல் ராணுவத்துக்கு. மற்றவர்கள்?

கரி!

‘டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்’ பிறந்தது அப்போதுதான். பஸ்ஸோடு ஓர் இரும்பு உருளை. அதற்குள் அடுப்புக்கரி. காற்றைக் குறைவாக விட்டுக் கரியை எரித்தால், அது முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு கிளம்பும். சுவாசித்தால் ஆளைக் கொல்லும் விஷம். ஆனால், தீப்பிடித்து எரியும். அதைக் குளிரவைத்து, சாம்பல் துகளை வடிகட்டி, இன்ஜினுக்குள் அனுப்பினால் பிஸ்டன் ஓடும். இது மதுரையில் மட்டும் நடந்த அதிசயமில்லை. பிரான்ஸில் ஜார்ஜ் இம்பெர்ட் என்ற இன்ஜினீயர் 1920-களிலேயே விறகு வாயுவில் வண்டி ஓட்ட வழி சொல்லிவிட்டார். போர் முடிவதற்குள் ஜெர்மனியில் லட்சக்கணக்கான வண்டிகள் விறகுப் புகையில்தான் ஓடின.

கரி பஸ்ஸை ஓட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. காலையில் கிளம்புவதற்கு வெகுநேரம் முன்னாலேயே அடுப்பு மூட்ட வேண்டும். விசிறி சுற்றிக் காற்று அடிக்க வேண்டும். பெட்ரோலில் கிடைத்த பலத்தில் மூன்றில் ஒரு பங்கோ, அதற்கு மேலோ காணாமல் போயிருக்கும். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளிய கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. வேட்டி சட்டையெல்லாம் கரி.

ஆனால், பஸ் ஓடியது! பெட்ரோல் இல்லாத தேசத்தில், உள்ளூரில் கிடைத்த சரக்கை வைத்து ஓடியது. தென் மாவட்டம் அன்றைக்குக் கற்றுக்கொண்ட பாடம் இது. புத்தகத்தில் எத்தனை மைல் போட்டிருந்தாலும், எரிபொருள் கைக்கு எட்டுகிற இடத்தில் கிடைத்தால்தான் அது வண்டி. இல்லையென்றால் வெறும் இரும்பு.

சுதந்திரம் வந்தது. கூடவே லைசென்ஸ் ராஜ்யமும் வந்தது. கார் வாங்க நினைத்தவனுக்கு இருந்த தேர்வுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் செய்த அம்பாசடர். பம்பாயில் செய்த ஃபியட். நம்ம ஊர் வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு. பணத்தைக் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தென் மாவட்டங்களில் காருக்கே ‘பிளஷர்’ என்றுதான் பெயர். பெயரில்தான் சந்தோஷம்!

‘எந்தக் கார் வாங்கலாம்?’ என்று யோசிக்க இடமில்லாத அந்தக் காலத்தில், ஜனங்கள் புத்திசாலித்தனமாக வேறொன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். மெக்கானிக்கை! அம்பாசடர் எண்ணெய் குடிக்கும், ஸ்டீயரிங் மல்லுக்கட்டும். ஆனாலும் கிராமத்து டாக்டரும் ரைஸ்மில் முதலாளியும் அதையே வாங்கினார்கள். நடுரோட்டில் நின்றால் ஒரு ஸ்பேனரும் கொஞ்சம் கம்பியும் வைத்துக்கொண்டு, பக்கத்து ஊர் மெக்கானிக் கிளப்பிக் கொடுத்துவிடுவார். அதுதான் காரணம்.

1955-ல் சுந்தரம் ஐயங்கார் காலமானார். அதற்கு முந்தைய வருடம்தான், வண்டி வாங்கக் கடன் கொடுப்பதற்கென்றே அவர் மகன் சந்தானம் சுந்தரம் ஃபைனான்ஸ் கம்பெனியை ஆரம்பித்திருந்தார். இன்றைய இ.எம்.ஐ-க்கு அண்ணன் முறை. 1960-களில் சக்கரம், பிரேக், போல்ட் நட்டு என்று உதிரி பாகத் தொழிற்சாலைகள் அந்தக் குடும்பத்திலிருந்து வரிசையாகக் கிளம்பின. பஸ்களை மட்டும் அரசு எடுத்துக்கொண்டது. 1972-ல் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது.

அரசு பஸ் டிப்போக்களில் ஒரு வார்த்தை உண்டு: ‘கே.எம்.பி.எல்.’ பெரியவரின் ‘எம்புட்டு குடுக்குது’தான், ஆபீஸ் பாஷையில். அங்கே வண்டிக்கு மட்டுமல்ல, டிரைவருக்கும் கே.எம்.பி.எல். கணக்குப் பார்ப்பார்கள். ஒரே பஸ், ஒரே ரூட், இரண்டு டிரைவர்... இரண்டு விதமான கணக்கு வரும். ஆக, மைலேஜ் என்பது இன்ஜினில் பாதி, ஓட்டுகிறவனின் வலது காலில் பாதி.

அடுத்த அடி, 1973 அக்டோபரில் விழுந்தது. அரபு நாடுகள் எண்ணெயைப் பிடித்து நிறுத்தின. பீப்பாய் மூன்று டாலர் என்றிருந்த கச்சா எண்ணெய், சில மாதங்களில் பன்னிரண்டு டாலரை ஒட்டிப் போனது. உலகமே ‘எம்புட்டு குடுக்குது’ என்று கேட்க ஆரம்பித்தது. 1980-ல் ஓசூரிலிருந்து இரண்டு பேர் உட்காரும் மொபெட்டாக ‘டி.வி.எஸ். 50’ வந்தபோது, நம் ஊர் பால்காரரும் பள்ளிக்கூட வாத்தியாரும் அதைக் கட்டிக்கொண்டதன் ரகசியம் அந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது.

கார் உலகத்திலும் ஒரு போட்டி நடந்தது. பாடப்புத்தகத்தில் வைக்க வேண்டிய போட்டி!

1983 டிசம்பர் 14. டெல்லியில் முதல் மாருதி காரின் சாவியை இந்திரா காந்தி ஒருவரிடம் கொடுத்தார். 796 சி.சி. இன்ஜின். குட்டியூண்டு வண்டி. ‘தீப்பெட்டிக்கு நாலு சக்கரம்’ என்று கிண்டலடித்தவர்கள் உண்டு. இரண்டு வருடம் கழித்து, 1985-ல், வண்டலூரிலிருந்து ஒரு ராஜா கிளம்பினார். ‘ஸ்டாண்டர்டு 2000.’ இங்கிலாந்தின் ரோவர் காரிலிருந்து எடுத்த கம்பீரமான உடம்பு. உள்ளே இரண்டு லிட்டர் இன்ஜின். ஆனால், அந்த இன்ஜின் பழைய வான்கார்டு காலத்து வம்சம். பட்டு வேட்டிக்குள் பழைய டிரவுசர்! விலையும் அதிகம், தாகமும் அதிகம். 1980-கள் முடிவதற்குள் உற்பத்தி நின்றுபோனது. தொழிற்சாலையில் தேங்கிக்கிடந்த பாகங்களைப் பல வருடம் கழித்து இங்கிலாந்துக் கம்பெனி ஒன்று அள்ளிக்கொண்டு போனது.

தீப்பெட்டி? அது முப்பது வருடம் ஓடியது. மாருதி 800 கடைசியாகத் தயாரானது 2014 ஜனவரியில். அதே வருடம் மே மாதம் அம்பாசடரும் நின்றது. இரண்டுக்கும் எந்த ஒற்றுமையும் இல்லை, ஒன்றைத் தவிர. எந்த ஊரில் நின்றாலும் பார்ட்ஸ் கிடைக்கும்.

மதுரை இன்னொரு சோதனையையும் பார்த்துவிட்டது. டீசல். விவசாயிக்கும் லாரிக்கும் உதவ, அரசாங்கம் டீசல் விலையைப் பல காலம் அமுக்கி வைத்திருந்தது. 2012 வாக்கில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாயை ஒட்டி வித்தியாசம். விடுவார்களா நம்ம ஆட்கள்? ‘பத்து வருஷத்துக்குக் கவலையில்லை’ என்று லட்ச ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கொடுத்து டீசல் கார் வாங்கினார்கள். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு போனது. வித்தியாசம் சுருங்கியது. 2020 ஜூனில், டெல்லியில் சில நாட்கள் பெட்ரோலைவிட டீசல் விலை அதிகம்! அதே வருடம் ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதிகள் வந்தபோது, மாருதி கம்பெனி டீசல் காரையே கைவிட்டது. இன்றைய பம்ப் விலையை வைத்துப் பத்து வருடக் கணக்குப் போடுவது, ஆடி மாசக் காற்றைப் பார்த்து வருஷம் முழுக்கத் துணி காயப்போடத் திட்டம் போடுவது மாதிரி.

சரி, கதை போதும். கணக்குக்கு வருவோம். காமர்ஸ் படித்தவன் கணக்குப் போடாமல் கட்டுரையை முடித்தால் தூக்கம் வராது!

நீங்கள் தினமும் போக வர 100 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். மதுரையிலிருந்து விருதுநகர் போய்த் திரும்பினால் ஏறக்குறைய அவ்வளவு வரும். மாதம் 25 நாள். மொத்தம் 2,500 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று ரவுண்டாக வைத்துக்கொள்வோம்.

லிட்டருக்கு 10 கொடுக்கிற வண்டிக்கு மாதம் 25,000 ரூபாய் பெட்ரோல். 15 கொடுத்தால் 16,667. இருபது கொடுத்தால் 12,500. இருபத்தைந்து கொடுத்தால் 10,000.

ஒவ்வொரு படியிலும் கூடுவது அதே ஐந்து கிலோமீட்டர்தான். ஆனால், மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். முதல் படியில் 8,333 ரூபாய். இரண்டாவதில் 4,167. மூன்றாவதில் வெறும் 2,500. மைலேஜ் ஏற ஏற, மிச்சம் இளைத்துக்கொண்டே போகிறது! 20 கொடுக்கிற வண்டியைவிட 25 கொடுக்கிற வண்டிக்கு இரண்டு லட்சம் கூடுதல் விலை என்றால், அந்தப் பணம் திரும்பி வர ஆறு வருடம் எட்டு மாதம். கடனுக்கு வட்டி சேர்த்தால் இன்னும் இழுக்கும்.

ஐரோப்பாக்காரர்கள் இந்தக் குழப்பமே வேண்டாம் என்று கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். ‘100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்?’ என்று கேட்பார்கள். வண்டி என்ன குடுக்குது என்று அல்ல, என்ன குடிக்குது என்று! நம் நான்கு வண்டிகளும் முறையே 10 லிட்டர், 6.7 லிட்டர், 5 லிட்டர், 4 லிட்டர் குடிக்கின்றன. பர்ஸில் ஓட்டை எங்கே பெரிசு, எங்கே சிறிசு என்று உடனே தெரிந்துவிடுகிறது, இல்லையா?

ஷோரூமில் சொல்லும் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது பொய்யில்லை. ஆனால், உங்கள் ரோட்டில் எடுத்ததும் இல்லை. சோதனைக்கூடத்தில் உருளை மேல் வண்டியை நிறுத்தி, குறிப்பிட்ட வேகக் கணக்குப்படி ஓட்டி எடுத்தது. அந்தக் கணக்கில் அதிகபட்ச வேகமே 90 கிலோமீட்டர்தான். பல ஆண்டுகளாக அந்தச் சோதனையில் ஏ.சி-யும் கிடையாது. மதுரை சித்திரை வெயிலில் ஏ.சி. இல்லாமல் யார் ஆபீஸ் போகிறார்கள்? மேலும், வேகம் இரண்டு மடங்கானால், எதிர்க்கும் காற்றின் விசை நான்கு மடங்காகும். நான்குவழிச் சாலையில் 80-ல் போகிறவருக்கும் 120-ல் பறக்கிறவருக்கும் ஒரே வண்டி ஒரே எண்ணைக் கொடுக்காது. உங்கள் வழித்தடத்திலேயே அதே மாடலை ஓட்டுகிறவரைப் பிடியுங்கள். டேங்க்கை முழுக்க நிரப்பி, ஓட்டி, மறுபடி முழுக்க நிரப்பி அவர் எடுத்த கணக்குதான் உங்கள் கணக்கு.

பெட்ரோலும் பழைய பெட்ரோல் இல்லை. 2025-ல் 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நாடு முழுக்கப் பரவிவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால், வெறும் கூட்டல் கழித்தலிலேயே ஆறேழு சதவிகிதம் அடிபடும். இதற்கென்று டியூன் செய்த இன்ஜின் கொஞ்சம் சமாளிக்கும். பழைய வண்டி வாங்குகிறவர்கள், அது இந்தக் கலவைக்கு ஏற்றதா என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

சி.என்.ஜி-யா, பேட்டரி காரா என்று யோசிக்கிறீர்களா? கரி பஸ்ஸை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். எரிபொருள் கைக்கு எட்ட வேண்டும். தினமும் ஒரே ரோடு, ஒரே தூரம், ராத்திரி வீட்டு வாசலிலேயே சார்ஜ் ஏற்ற வசதி என்று இருக்கிறவருக்கு பேட்டரி கார் கச்சிதம். அபார்ட்மென்ட்டில் பொது இடத்தில் வண்டி நிறுத்துகிறவருக்கு அதே கார் தினசரித் தலைவலி. கேஸ் நிலையம் போகிற வழியிலேயே இருந்தால் சி.என்.ஜி. லாபம். பதினைந்து கிலோமீட்டர் சுற்றிப் போய் வரிசையில் நிற்க வேண்டுமென்றால், மிச்சம் பிடித்த காசு அந்த வரிசையிலேயே கரைந்துவிடும்.

இத்தனை பார்த்தும் கடைசியில் நிற்பது 1912-ன் பாடம்தான். ராத்திரி ஒன்பதரை மணி. திருமங்கலம் தாண்டி, பொட்டல் வெளி. வண்டி நின்றுவிட்டது. பின்சீட்டில் குழந்தை தூங்குகிறது. அந்த நேரத்தில் லிட்டருக்கு 25 கொடுக்கிற பெருமை ஒரு டீக்குக்கூட உதவாது. அந்தக் கம்பெனியின் ஒர்க்‌ஷாப் மதுரையில் எத்தனை இருக்கிறது? பார்ட்ஸ் மறுநாளே கிடைக்குமா, சென்னையிலிருந்து வர ஒரு வாரம் ஆகுமா? முடங்கிப்போன ஒவ்வொரு நாளுக்கும் டாக்ஸி செலவு, லீவு என்று பார்த்தால், மாதம் 2,500 ரூபாய் மிச்சமெல்லாம் நாலே நாளில் காலி.

அடுத்த முறை ஷோரூமில் டை கட்டிய பையன் பளபளவென்று ஒரு எண்ணைச் சொல்லும்போது, பெரியவரின் கேள்வியை லேசாகத் திருத்தி, இரண்டாகக் கேளுங்கள்.

“எம்புட்டுத் தம்பி குடிக்கும்? நின்னுச்சுன்னா யாரு வருவா?”

முதல் கேள்விக்கு அவர் புத்தகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார். இரண்டாவதற்கு அவர் கொஞ்சம் யோசித்தால், நீங்களும் கொஞ்சம் யோசியுங்கள்.